ஓய்வெடுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நாற்காலி போடுங்க

1) கொஞ்சம் நீளமான த்ரெட் இது. ஒரு ராக் பாடகரில் ஆரம்பித்து பார்க்கின்சன் நோயில் வந்து நிற்கும். நடுவில் என் அப்பாவும் வருவாங்க. வீட்டில் வயசானவங்க இருந்தா, பாட்டு பிடிக்காட்டியும் கடைசி வரை வாசிச்சிடுங்க.

2) 2025 ஜூலை 5-ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வில்லா பார்க் மைதானத்தில் ஆஸி ஆஸ்போர்னை நேரில் பார்த்தேன். ஏறக்குறைய முப்பது வருஷக் காத்திருப்பு. அதுதான் அவரோட கடைசி மேடை. சரியாகப் பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, 76 வயதில் காலமானார்.

3) யாருங்க அவர்னு கேட்பவர்களுக்கு: மேடையில் வவ்வால் தலையைக் கடிச்சாரே, அந்த மனுஷன்தான். 1982 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்தது. ரசிகர் ஒருவர் எறிந்ததை ரப்பர் பொம்மைன்னு நினைச்சு வாயில் வைத்துவிட்டார். உடனே ஆஸ்பத்திரி, ரேபிஸ் தடுப்பூசி. (டாக்டராச்சே, சொல்லாம போக முடியுமா: ரேபிஸ் நாய்க்கடியால் மட்டும் வருவதில்லை. வவ்வால் கடித்தாலும் ஊசி போட்டே ஆகணும்.)

4) ஆனால் வவ்வாலை மட்டும் வைத்து அவரை எடை போட்டால் பாவம். 1968-இல் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நாலு தொழிலாளி வீட்டுப் பையன்கள் சேர்ந்து தொடங்கிய இசைக்குழு, பிளாக் சப்பாத். 1970-இல் முதல் ஆல்பம். இன்னைக்கு ஹெவி மெட்டல் என்று சொல்கிறோமே, அந்த ஆறு புறப்பட்ட ஊற்று இவர்கள்தான். ஆஸி அதில் பாடகர். அதற்கு முன் கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர்.

5) எனக்கு அவர் அறிமுகமானது 1990-களில், திருநெல்வேலியில் மருத்துவம் படித்தப்போ. ஹாஸ்டலில் சீனியர் ஒருத்தர் சென்னை பர்மா பஜாரில் வாங்கிவந்த கேசட். அட்டை ஜெராக்ஸ், பேர் கூட சரியாத் தெரியாது. அனாட்டமி பரீட்சைக்கு முந்தின ராத்திரி, "தூக்கம் வராம இருக்க இதைக் கேளுல"ன்னு போட்டுவிட்டார். தூக்கமும் வரல, படிப்பும் ஓடல. ராஜா சார் பாட்டிலேயே வளர்ந்த காதுக்கு அது இரும்புப் பட்டறைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருந்தது. பத்து நாள் கழித்து நானே போய் அந்த கேசட்டைக் கேட்டு வாங்கினேன்.

6) பிறகு வேலை என்னை அவரோட ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தது. இங்கே முதியோர் மருத்துவம் பார்க்கிறேன். ஆனாலும் பார்க்கக் கொடுத்து வைக்கல. 2017 பிப்ரவரி 4 அன்று பிளாக் சப்பாத் இதே ஊரில் பிரியாவிடைக் கச்சேரி நடத்தினாங்க. எனக்கு நைட் டியூட்டி, மாத்திக்க ஆள் கிடைக்கல. அப்புறம் ஆஸியின் தனிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்தேன். 2019-இல் அவருக்கு நிமோனியா, வீட்டில் விழுந்ததில் கழுத்தில் ஆபரேஷன், அதற்குப் பின் கொரோனா. தேதி தள்ளித் தள்ளிப் போய், 2023 பிப்ரவரியில் மொத்தமாக ரத்து.

7) இதற்கு நடுவில், 2020 ஜனவரியில், தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை அவரே வெளியில் சொன்னார். அன்னைக்கு ஒரு டாக்டரா நான் நினைத்தது இதுதான்: "சரி, இனி மேடை கிடையாது. பாவம், வீட்டில் ஓய்வெடுக்கட்டும்."

அந்த நினைப்பு தப்பு. எவ்வளவு தப்புன்னு சொல்லத்தான் இந்த த்ரெட்.

8) 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. ஆஸிக்குக் கடைசிக் கச்சேரி. பிளாக் சப்பாத்தின் அசல் நால்வரும் இருபது வருஷம் கழித்து ஒன்றாக மேடையேறுகிறார்கள். வருமானம் மூன்று இடங்களுக்கு: பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கு உதவும் ஒரு அறக்கட்டளை, பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனை, தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் ஏக்கர்ன்ஸ் இல்லம். டிக்கெட் சில நிமிஷத்தில் தீர்ந்துபோச்சு. எனக்கு ஒன்று கிடைத்தது. என்ன விலைன்னு வீட்டில் இன்னும் முழுசா சொல்லல.

9) வில்லா பார்க், ஆஸி வளர்ந்த லாட்ஜ் ரோடு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். சின்ன வயசில் கால்பந்து மேட்ச் நாட்களில், வருகிறவர்களின் காருக்குக் காவல் நின்று சில்லறை வாங்கிய தெருக்கள் அது. அதே மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் அவருக்காக உட்கார்ந்திருந்தோம். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோசஸ் என்று இவரைக் கேட்டு வளர்ந்த குழுக்கள் எல்லாம் மதியத்திலிருந்தே வரிசையாக வந்து வாசித்தார்கள்.

10) என் பக்கத்து சீட்டில் எழுபது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர், கூடவே மகன். உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷமே தெரிஞ்சிடுச்சு. முகத்தில் அசைவு குறைவு. மடியில் வைத்திருந்த வலது கை, மாத்திரையை உருட்டுவது போல ஆடிக்கொண்டே இருந்தது. பார்க்கின்சன்.

மூணு மணிக்கு மகனோட போனில் அலாரம். பையைத் திறந்து மாத்திரை, தண்ணீர். சாயங்காலம் மறுபடியும் அலாரம், மறுபடியும் மாத்திரை. நடுநடுவே எழுந்து நடக்கவைத்தார். கழிப்பறைக்குக் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போனார். கடைசிப் பாட்டு வரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அந்தப் பெரியவர் அங்கேயே இருந்தார்.

அந்த மகனைப் பார்க்கப் பார்க்க எனக்குள்ள ஏதோ குத்திக்கிட்டே இருந்தது. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

11) ராத்திரியானதும் மேடைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு சிம்மாசனம் எழும்பி வந்தது. உச்சியில் பெரிய வவ்வால். அதில் ஆஸி.

நிற்கவில்லை, நடக்கவில்லை. ஒரு காலத்தில் மேடை முழுக்கத் தவளை மாதிரி குதித்த ஆள். ஆனால் கை தட்டினார், கண்ணை உருட்டினார், கூட்டத்தை மிரட்டினார். இரண்டு மூன்று தடவை நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார். 'மாமா, ஐயம் கம்மிங் ஹோம்' பாடும்போது குரல் உடைந்தது. விட்ட இடத்தை மைதானம் எடுத்துக்கொண்டது. அஞ்சு பாட்டு தனியாக, பிறகு பழைய நண்பர்களோடு நாலு பாட்டு.

குரல் பிசகியதா? ஆமா, பல இடத்தில். அதற்காக யாருக்காவது பணம் வீணான மாதிரி இருந்ததா? என் வரிசையில் அழாத ஆள் இல்லை.

12) இந்த இடத்தில் நோயைப் பற்றிக் கொஞ்சம். பார்க்கின்சனை நம்ம ஊரில் நடுக்குவாதம் என்கிறோம். மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அசைவுகளைச் சீராக நடத்துவதற்கு டோபமைன் வேணும். அது குறைந்தால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், எல்லாமே மெதுவாகும், நடை தள்ளாடும்.

நடுக்கம் மட்டும்தான் நோய்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. குரல் தேய்வது, கையெழுத்து சிறுத்துப்போவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது, மலச்சிக்கல், வாசனை தெரியாதது, தூக்கத்தில் கை காலை உதறுவது எல்லாம் இதன் பகுதிதான். இதில் சில, நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே வரலாம்.

13) இதில் ரொம்பக் கொடுமை அந்த முகமும் குரலும்தான். உள்ளே சந்தோஷம், கோபம், ஆசை எல்லாம் அப்படியே இருக்கும். முகம் காட்டாது. குரல் வெளியே வராது. பார்க்கிறவர்கள் "தாத்தாவுக்கு எதிலும் ஈடுபாடு இல்லை"ன்னு முடிவு கட்டிடுவாங்க. அவரைக் கேட்காமலே அவருக்காக முடிவெடுக்க ஆரம்பிச்சிடுவாங்க. நல்ல பிள்ளைகள்தான், பாசத்தில்தான் செய்றாங்க.

நானும் அதைத்தான் செய்தேன்.

14) என் அப்பா பாளையங்கோட்டையில் தமிழாசிரியர். மார்கழி முழுக்க விடியக்காலை நாலரை மணிக்குத் தெருவில் பஜனை போகும். ஆர்மோனியம், ஜால்ரா, முன்வரிசையில் அப்பா. பெரிய வித்வான் எல்லாம் இல்லை. ஆனா அந்த ஒரு மாசம்தான் அப்பாவுக்கு வருஷம். மத்த பதினொரு மாசமும் அதற்கு ஒத்திகை.

அறுபத்தெட்டு வயசில் பார்க்கின்சன் வந்தது. ரெண்டு வருஷத்தில் நடை தளர்ந்தது, குரல் இறங்கிப்போச்சு.

15) அந்த மார்கழிக்கு நான் இங்கிருந்து போன் போட்டேன். "இருட்டு, பனி, ரோடும் சரியில்ல. விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சா அவ்வளவுதான்பா. இந்த வருஷம் வேண்டாம், வீட்ல ஓய்வா இருங்க."

அப்பா ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "சரிய்யா, நீ சொன்னா சரிதான்"னாங்க.

அடுத்த வருஷம் பஜனைக்காரங்களும் வந்து கேட்கல. அதுக்கடுத்த வருஷம் அப்பா ரேடியோவிலும் பாட்டு கேட்கல. அம்மா போனில், "எய்யா, அப்பா பேசவே மாட்டேங்காங்க"ன்னு சொன்னப்போ, நோய் கூடுதுன்னு நினைச்சு மாத்திரை அளவைப் பத்திப் பேசினேன். மூணாவது மார்கழிக்கு அப்பா இல்லை.

16) நான் சொன்ன காரணம் எதுவும் பொய் இல்லை. பார்க்கின்சன் உள்ளவர்கள் விழுவது நிஜம். இடுப்பெலும்பு முறிவு உயிருக்கே ஆபத்து என்பதும் நிஜம். என் பிரிவில் தினமும் பார்க்கிறேன்.

ஆனா பஜனை எங்க வீட்டு வாசல் வழியாத்தான் போகும். திண்ணையில் ஒரு நாற்காலி போட்டு, காதைச் சுத்தி ஒரு மப்ளரைக் கட்டி, கூட்டத்தை அஞ்சு நிமிஷம் எங்க வாசலில் நிற்கச் சொல்லியிருந்தா, அப்பா உட்கார்ந்தே ஒரு பாட்டு பாடியிருப்பாங்க. யாரும் மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. இத்தனை வருஷம் படிச்ச எனக்கு அது தோணல. வில்லா பார்க்கில் அந்த சிம்மாசனம் மேலே எழும்பி வந்தபோதுதான் தோணுச்சு.

17) அன்றைய மேடையில் இருந்த மற்றவர்களும் இதையே சொன்ன மாதிரி இருந்தது. கிட்டாரிஸ்ட் டோனி அயோமி பதினேழு வயசில் தகடு தயாரிக்கும் தொழிற்சாலையில், அதுவும் வேலையின் கடைசி நாளில், வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். இனி வாசிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

அவரைப் பார்க்க வந்த மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட், தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் உலகமே கொண்டாட வாசித்த கிட்டாரிஸ்ட். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்தார், மேலே தோல் ஒட்டினார். மெல்லிய கம்பிகள் போட்டார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். கம்பி தளர்ந்தது, சத்தம் கனத்தது. ஹெவி மெட்டலின் அந்தக் கனத்தில் ஒரு பங்கு அந்த விபத்துக்கு உண்டு.

18) அதே அயோமிக்கு 2012-இல் லிம்போமா என்னும் புற்றுநோய். சிகிச்சை நாட்களைக் கணக்கில் வைத்தே கச்சேரித் தேதிகளைப் போட்டார்கள். டிரம்மர் பில் வார்டுக்கு 1998-இல் மாரடைப்பு. அன்னைக்கு 77 வயசில் வந்து நாலு பாட்டும் வாசித்தார்.

"நிறுத்திக்கோ"ன்னு சொல்ல ஒவ்வொருத்தருக்கும் நியாயமான காரணம் இருந்தது. யாரோ ஒருத்தர், "எப்படிச் செய்யலாம்?"னு யோசிச்சிருக்காங்க.

19) "பதினேழு நாளில் செத்துட்டாரே டாக்டர், கச்சேரிதானே கொன்னது?" என்று நிறைய பேர் கேட்டாங்க. "காசுக்காக நோயாளியை மேடை ஏத்திட்டாங்க"ன்னும் எழுதினாங்க.

அவர் என் நோயாளி இல்லை. கேலரியில் உட்கார்ந்து யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது. முன்னால் நடந்ததாலேயே ஒன்று காரணம் ஆகிவிடாது என்பது மருத்துவத்தின் முதல் பாடம். பல வருஷ இதய ரத்தக்குழாய் நோயும் பார்க்கின்சனும் இருந்த 76 வயது உடம்பு அது. இளமையில் குடியும் போதையும் சேர்ந்து அடித்த உடம்பும்கூட. அந்தப் பகுதியைக் கொண்டாட நான் தயாரில்லை.

ஆனால் ஆபத்தே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். இருந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டு வேணுமா வேண்டாமான்னு முடிவெடுக்கும் உரிமை, புத்தி தெளிவாக இருக்கும் வரை, நோயாளிக்குத்தான். எனக்கோ உங்களுக்கோ இல்லை.

20) சரி, உங்க வீட்டுக்கு வருவோம். பார்க்கின்சனோ, பக்கவாதமோ, வெறும் முதுமையோ, அம்மா அப்பாவுக்கு உயிரான ஒரு விஷயம் இருக்கும். கோலம், கோயில், சர்ச் கொயர், பள்ளிவாசல், கடையில் கல்லா, டீக்கடை பேப்பர், சீட்டுக்கட்டு. வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க:

21)
- மாத்திரை நேரம். லெவோடோபா வேலை செய்யும்போது உடம்பு இளகும், தீரும்போது விறைக்கும். மாத்திரை நல்லா வேலை செய்யும் நேரத்தில் அந்த வேலையை வையுங்க. வெளியே போனா போனில் அலாரம். டாக்டரைக் கேட்காமல் அளவைக் கூட்டாதீங்க, திடீர்னு நிறுத்தவே நிறுத்தாதீங்க.
- சாப்பாடு. புரதம் அதிகமான சாப்பாட்டோடு சேர்ந்தால் சிலருக்கு மாத்திரை சரியா வேலை செய்யாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி எடுக்கலாமான்னு உங்க டாக்டரைக் கேளுங்க.
- நாற்காலி. கை வைத்த, ஆடாத நாற்காலி. உட்கார்ந்து செய்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.
- வழி. வெளிச்சம், வழுக்காத செருப்பு, கையைப் பிடிக்க ஒரு ஆள். படுத்திருந்து எழும்போது தலை சுத்தும், ஒரு நிமிஷம் உட்காரவைத்து எழுப்புங்க.
- குரல். பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்க. சத்தமா, மூச்சு நிறைத்துப் பேசும் பயிற்சி குரலை மீட்க உதவும். பாட்டு நோயைக் குணமாக்காது. ஆனால் தாளத்துக்கு ஏற்ப அடி வைத்தால் ஒட்டிக்கொண்ட கால் நகர்வதை நானே பலரிடம் பார்த்திருக்கிறேன்.
- அளவு. ரெண்டு மணி நேரம் முடியலைன்னா அஞ்சு நிமிஷம். முப்பது நாள் முடியலைன்னா ஒரு நாள்.

22) பார்க்கின்சனுக்கு "பெட் ரெஸ்ட்" என்பது மருந்தே இல்லை. இன்னைக்கு இருக்கும் நல்ல சிகிச்சைகளில் ஒன்று உடற்பயிற்சி. படுக்கவைத்தால் தசை கரையும், மூட்டு இறுகும், மனசு இறங்கும். பார்க்கின்சனோடு மனச்சோர்வு ரொம்ப சகஜம். அப்பா பேசாமல் போனதில் நோய் எவ்வளவு, நான் எவ்வளவு என்று இன்னும் எனக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்.

23) கடைசிப் பாட்டு முடிந்து வாணவேடிக்கை ஓய்ந்தது. கூட்டம் கலையும் வரை அந்த மகன் அவசரப்படவில்லை. பிறகு அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்பினார். நானும் இன்னொரு பக்கம் பிடித்தேன். பெரியவர் ஏதோ சொன்னார், இரைச்சலில் கேட்கவில்லை. மகன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வீட்டுக்குப் போகணுமாம், ஆனா நடந்தேதான் வருவாராம்" என்றார்.

படிக்கட்டு முடியும் வரை மூணு பேரும் மெதுவா நடந்தோம்.

24) உங்க அம்மா அப்பாவுக்கு இன்னைக்கே போன் போடுங்க. "உடம்பு எப்படி இருக்கு, மாத்திரை போட்டீங்களா"ன்னு மட்டும் கேட்டுட்டு வைக்காதீங்க. "எதைச் செய்ய முடியலைன்னு வருத்தமா இருக்கு?"ன்னு கேளுங்க. அதை எப்படிச் செய்யவைக்கலாம்னு டாக்டரிடம் வந்து கேளுங்க. எங்க வேலையே அதுதான். நாங்க மறந்தா நீங்க ஞாபகப்படுத்துங்க.